அத்தை எண்ணிய நாடி

உப்பளத்தில் கூடைகளை எண்ணும்போது ‘ஒன்று’ என்று தொடங்குவதில்லை. லாபம், ரெண்டு, மூணு என்றுதான் எண்ணுவார்கள். அம்பாரத்தில் வந்து கொட்டும் உப்புக் கூடைகளை என் அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, பல வருடங்களாக இப்படித்தான் எண்ணிவந்தார். அதனால் அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்கக் கற்றுக்கொண்ட நாளிலும் முதல் துடிப்பை லாபம் என்றே எண்ணினார். கற்றுக்கொடுத்த ஆஸ்பத்திரி நர்ஸ் வாய்விட்டுச் சிரித்தார்.

“சிரிக்காதம்மா. ஒண்ணுன்னு ஆரம்பிச்சா ஒண்ணோடயே நின்னுடும்” என்றார் அத்தை.

நர்சின் சிரிப்பு நின்றுவிட்டது. கட்டிலில் படுத்திருந்த அப்பாவின் சிரிப்புத்தான் நிற்கவில்லை.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் ஆயில் இன்ஜின் ஓட்டுபவர். கழுவெளி ஏரியிலிருந்து வாய்க்காலில் வரும் உவர்நீரைப் பாத்திகளுக்கு ஏற்றும் இன்ஜின் அது. முதலாளி கொடுத்த எங்கள் வீட்டின் பின்சுவருக்கு அடுத்ததே இன்ஜின் கொட்டகை. இன்ஜினுக்கும் பம்புக்கும் இடையில் அகலமான ஒரு தட்டை பெல்ட் ஓடும். அதன் இரு முனைகளையும் இரும்புக் கிளிப் போட்டு இணைத்திருந்தார்கள். அந்தக் கிளிப் புல்லிச் சக்கரத்தின்மேல் ஏறும் ஒவ்வொரு முறையும் ‘டப்’ என்று ஓர் ஓசை எழும். பகல் முழுவதும் அது ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருக்கும். கூடை சுமக்கும் பெண்கள் அதற்கேற்ப அடியெடுத்து வைப்பார்கள். அத்தையும் அதன் போக்கிலேயே எண்ணுவார். நான் அதன் நடுவில் உட்கார்ந்துதான் யாப்பிலக்கணம் படித்தேன். செய்யுளில் ஓரிடத்தில் தளை தட்டினால் உடனே கண்டுகொள்ளும் எனக்கு, இந்த ஓசை ஓடுகிறதா நின்றதா என்பதுகூடப் பல நாட்கள் தெரிந்ததில்லை. பிறந்தது முதல் கேட்டுவந்த ஒலியை யாரும் காதில் வாங்குவதில்லை.

பங்குனி மாதம் ஒரு காலையில், இன்ஜினுக்கு ஹேண்டில் போட்டுச் சுற்றும்போது அப்பாவுக்கு நெஞ்சை அடைத்தது. அம்மாவின் தம்பியான என் மாமா லாரி டிரைவர். பாதி உப்பு ஏற்றிய லாரியில் அப்பாவைக் கிடத்தி, கோட்டக்குப்பம் வரைக்கும் ஹாரனில் வைத்த கையை எடுக்காமல் ஓட்டிப் புதுச்சேரியில் சேர்த்தவர் அவர்தான். மாரடைப்பு என்றார்கள். உரிய நேரத்தில் வந்ததால் பிழைத்தார் என்றும் சொன்னார்கள்.

இனிமேல் கவலையில்லை என்று நாங்கள் நினைத்திருந்தபோதுதான் இரண்டாவது சங்கதி தொடங்கியது. கட்டிலின் தலைமாட்டில் இருந்த பெட்டியில் ஒரு பச்சைக் கோடு ஓடிக்கொண்டிருந்தது. சீராக மேடும் பள்ளமுமாகப் போன அந்தக் கோடு திடீரென்று ஓரிடத்தில் முந்திக்கொண்டு எழும்பும். பிறகு மூச்சை அடக்கியதுபோல் ஒரு கணம் நீளும். பிறகு பழையபடி போகும். மருத்துவர் இதைப் பொறுமையாக விளக்கினார். அடிபட்ட இதயத் தசை ஆறிவரும் காலத்தில் அதன் ஓரத்திலிருந்து ஒரு துடிப்பு முறைக்கு முன்பே கிளம்பிவிடுமாம். அதை அடுத்து இதயம் சற்றுத் தாமதிக்கும். மணிக்கட்டைப் பிடித்துப் பார்ப்பவருக்கு ஒரு துடிப்பு விட்டுப்போனதுபோல் தோன்றும். எப்போதாவது வந்தால் பாதகமில்லை. அடிக்கடி வந்தாலோ, அடுத்தடுத்துச் சேர்ந்து வந்தாலோ ஆபத்து.

“இன்ஜின் மாதிரி மிஸ்ஸிங் அடிக்குதுன்னு சொல்லுங்க” என்றார் அப்பா. அவருக்கு விளங்கிவிட்டது.

“அதேதான்” என்றார் மருத்துவர். “மாத்திரை தர்றேன். உப்பைக் குறைச்சுக்கணும். வீடு எங்கே?”

“உப்பளத்துலதாங்க.”

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னது இது: தினமும் காலையில் ஒரு நிமிடம் நாடியை எண்ண வேண்டும். நிமிடத்துக்கு ஒன்றிரண்டு விட்டுப்போனால் பரவாயில்லை. அதற்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் மாத்திரையைக் கூட்ட வேண்டும். அப்போதும் அடங்காவிட்டால் மறுபடி வார்டில் படுக்க வேண்டும். இன்ஜின் வேலையை அடியோடு மறந்துவிட வேண்டும். நாடி சீராக இருந்தால், ஹேண்டில் போடாமல், கொட்டகையில் உட்கார்ந்து இன்ஜினைக் கவனித்துக்கொள்ளலாம்.

அப்பாவுக்கு அந்தக் கடைசி வாக்கியம் மட்டுமே காதில் விழுந்தது என்று நினைக்கிறேன்.

நாடி பார்க்க முதலில் என்னைத்தான் கேட்டார்கள். எவ்வளவு முயன்றும் அப்பாவின் மெலிந்த நாடிக்குப் பதிலாக என் விரலின் துடிப்பே எனக்குத் தட்டுப்பட்டது. அம்மாவோ பத்தைத் தாண்டுமுன் எண்ணிக்கையை விட்டுவிட்டார். அத்தை மட்டும் நர்சோடு சேர்ந்து எண்ணி, நர்ஸ் சொன்ன அதே எண்ணைச் சொன்னார். எனவே அவர் எண்ணுவது, கைக்கடிகாரத்தில் விநாடி முள்ளைப் பார்த்து நான் தொடக்கமும் முடிவும் சொல்வது என்று ஏற்பாடாயிற்று. கல்லூரிக்குக் கோடை விடுமுறை விட்டிருந்ததால் நான் வீட்டில் இருந்தேன்.

அப்பாவுக்குப் பதிலாக இன்ஜின் ஓட்ட மாமா முன்வந்தார். லாரியை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். அவர் வந்த முதல் நாளே அத்தை ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்பா, இது ரோட்டுல ஓடுற வண்டி இல்ல. நின்ன எடத்துலயே ஓடும். உனக்கு ஓட்டத் தெரியுமா?”

“பத்து டன் லாரிய ஓட்டினவன்க்கா நானு. இது இன்னா, ஒரே எடத்துல நிக்கற கழுத.”

“கழுதகிட்ட பின்னால போயி நிக்காத. ஒதைக்கும்.”

அம்மா இந்தக் காலத்தில் வீட்டுக்கே உப்பில்லாமல் சமைத்தார். அப்பா மட்டும் உப்பில்லாமல் தின்னும்போது நாம் எப்படி உப்போடு தின்பது என்பது அம்மாவின் நியாயம். எதிரே மலையாக உப்பு குவிந்திருக்க, நாங்கள் உப்பில்லாச் சோற்றை மென்றோம். மாமா மட்டும் சாப்பிட வரும்போது இடக்கையை மூடியபடியே வருவார். சாப்பாட்டின் நடுவில் அந்தக் கை ஒருமுறை வாய்ப்பக்கம் போகும். அம்மாவுக்கு அது தெரியும் என்பது எனக்குத் தெரியும்.

முதல் சில நாட்கள் நாடி நன்றாகத்தான் இருந்தது. பிறகு நழுவத் தொடங்கியது.

அத்தை கண்ணை மூடிக்கொண்டு எண்ணுவார். உடம்பு லேசாக முன்னும் பின்னும் ஆடும். எண்ணிக்கொண்டே வரும்போது நடுவில் தயங்கி, “தோ, நழுவிச்சி” என்பார். இன்னும் கொஞ்சம் போனதும், “தோ, இன்னொண்ணு” என்பார். ஒரு வாரத்தில் அது நிமிடத்துக்கு நாலு, ஐந்து என்றாகிவிட்டது. அம்மா பிரம்மதேசம் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். அப்பா, “எனக்கு ஒண்ணும் தெரியலியே, நல்லாத்தான இருக்குது” என்று சொல்லிப் பார்த்தார். நோயாளி சொல்வதை எந்த வீட்டில் கேட்டார்கள்?

மருத்துவரிடம் போனோம். அங்கே எடுத்த ஈ.சி.ஜி. படத்தில் கோடு ஒழுங்காகவே இருந்தது. ஒரே ஒரு துடிப்புத்தான் முந்தியிருந்தது. அவர் குழம்பினார். அத்தை தாம் எண்ணியதில் உறுதியாக நின்றார்.

“இங்க வந்தா ஒழுங்கா அடிக்குதுங்க. ஊட்டுக்குப் போனா நழுவுது. பள்ளிக்கூடத்துல வாத்தியாரக் கண்டா புள்ளைங்க அடங்கி இருக்கும் பாருங்க, அந்த மாதிரி.”

“வீட்ல ஏதாவது மனக்கவலை இருக்கா?” என்று மருத்துவர் கேட்டார். உப்பில்லாச் சோற்றைத் தவிர வேறொன்றும் இல்லை என்றார் அப்பா. ஆனால் தினமும் நாலைந்து விடுகிறது என்று வீட்டார் சொல்லும்போது அதைப் புறக்கணிக்க எந்த மருத்துவரும் துணியமாட்டார். மாத்திரையைக் கூட்டினார். இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார். அப்போதும் இப்படியே இருந்தால் அப்பா இன்ஜினை மறந்துவிட வேண்டியதுதான்.

அந்த மாத்திரை கசந்தது. சிறுவயதில் மலேரியாக் காய்ச்சலுக்குக் குடித்த கொயினாவைப் போலவே இருக்கிறது என்று அப்பா சொன்னார். இரண்டும் ஒரே மரப்பட்டையிலிருந்து வருபவை என்று மருத்துவரே சொல்லியிருந்தார். கசப்பை அப்பா பொருட்படுத்தவில்லை. மாத்திரையைக் கூட்டியபின் காதுக்குள் ஓயாமல் ஒரு ரீங்காரம் கேட்கத் தொடங்கியதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. அவர் இன்ஜினைக் கண்ணால் பார்த்து ஓட்டியவர் அல்லர், காதால் கேட்டு ஓட்டியவர். முதுகைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தபடியே, “டீசல் நாசில் அடைக்குது” என்று சொல்லக்கூடியவர். ஒரு நாள் மாலையில் ஜன்னலருகே உட்கார்ந்து, தலையை ஒருபக்கமாகச் சாய்த்து, நெடுநேரம் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா?” என்றேன்.

“இன்ஜின் ஓடுதா?”

“ஓடுதுப்பா.”

“உம்” என்றார். நாடி நழுவினால் வேலை போய்விடும். நழுவாமலிருக்கத் தின்னும் மாத்திரையோ வேலைக்குரிய காதைத் தின்கிறது. இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டதை நானும் அவரிடம் சொல்லவில்லை.

மறுபடி மருத்துவரிடம் போக வேண்டிய நாள் நெருங்கியது. ஒரு நாள் காலை வழக்கம்போல் அப்பா ஜன்னலருகே பெஞ்சில் உட்கார்ந்து இடக்கையில் கஞ்சிச் சொம்பை வைத்திருந்தார். வலக்கை அத்தையின் பிடியில் இருந்தது. நான் விநாடி முள் மேலே வரும்வரை காத்திருந்து, “ஆரம்பிங்க அத்தை” என்றேன். அத்தை கண்ணை மூடினார்.

“லாபம், ரெண்டு, மூணு…”

இருபதைத் தாண்டியதும் கொட்டகைப் பக்கம் எதுவோ பளீரென்று அறைந்தது. உப்பளத்தில் எந்நேரமும் எதுவாவது விழுந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் நான் முள்ளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் அத்தையின் எண்ணிக்கை நின்றுவிட்டது. உடம்பின் ஆட்டமும் நின்றது. கண்ணைத் திறந்தார். விரல்கள் அப்பாவின் மணிக்கட்டில் அங்குமிங்கும் துழாவின.

“ஐயோ! நின்னுபோச்சே! என் தம்பிக்கு நின்னுபோச்சே!”

அம்மா அகப்பையோடு ஓடிவந்தார். அந்தக் கூச்சல் பாத்திகள் வரைக்கும் போயிருக்க வேண்டும். கூடைகளைப் போட்டுவிட்டுப் பெண்கள் வரப்புகளின்மேல் ஓடிவருவது ஜன்னல் வழியே தெரிந்தது. அப்பா ஒரு வாய்க் கஞ்சியை விழுங்கிவிட்டு நிதானமாகக் கேட்டார்.

“இன்னாக்கா நின்னுபோச்சி?”

“உன் நாடிடா!”

“அப்ப இந்தக் கஞ்சிய யாரு குடிக்கிறது?”

“நீ சும்மா இருடா, உனக்கு ஒண்ணும் தெரியாது!” என்று அழுதுகொண்டே அதட்டினார் அத்தை.

அதற்குள் வாசல் நிறைந்துவிட்டது. முன்னால் வந்த பெண் மாரில் அடித்துக்கொள்ளத் தூக்கிய கையை, சொம்போடு உட்கார்ந்திருந்த அப்பாவைக் கண்டதும் அப்படியே இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“நல்லா இருக்குதே கூத்து! உயிரு பூடுச்சின்னு ஓடியாந்தா இவரு கஞ்சி குடிக்கிறாரு. யக்கா, ஓடியாந்ததுக்கு எங்களுக்கும் ஆளுக்கொரு சொம்பு ஊத்துங்க.”

இந்த அமளியின் நடுவில் கைநிறைய கிரீசோடு மாமா உள்ளே பாய்ந்தார். ஊரே கூடியிருப்பது தம்மைக் கேள்வி கேட்பதற்காகவே என்று அவர் எண்ணிவிட்டார்.

“நான் ஒண்ணும் பண்லக்கா! பெல்ட்டு தானாவே கழண்டுக்கிச்சி!”

யாரும் அவரை எதுவும் கேட்டிருக்கவில்லை. வீடு ஒரு கணம் அமைதியாயிற்று. அந்த அமைதியில் ஏதோ ஒரு குறை இருப்பதை உணர்ந்தேன். அது என்னவென்று புரியச் சற்று நேரமாயிற்று. டப் என்ற ஓசை இல்லை.

கூட்டத்தின் முன் பேசிப் பழக்கமில்லாத நான் அன்று பேசினேன்.

“மாமா, பெல்ட் எப்ப கழண்டுது?”

“தோ, இப்பத்தாம்மா. அக்கா கூவறதுக்குக் கொஞ்சம் முன்னால.”

“இதுக்கு முன்னாடி வழுக்கிச்சா?”

மாமா அப்பாவைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு தம் கையைப் பார்த்தார். “எப்பவாச்சும்…” என்றார். அத்தை முறைத்ததும், “தெனமும்” என்றார். நிமிடத்துக்கு எத்தனை தரம் என்று கேட்டேன். நாலு தரம் இருக்கும், ஐந்து தரமும் இருக்கும் என்றார்.

அப்பாவுக்குத்தான் முதலில் புரிந்தது. சொம்பைக் கீழே வைத்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். நெஞ்சு வலி கண்டவர் அப்படிச் சிரிக்கக் கூடாது என்று அம்மா பதறும் அளவுக்குச் சிரித்தார்.

“யக்கா, நீ என் கையப் புடிச்சிக்கினு பெல்ட்ட எண்ணியிருக்கிற!”

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. தம் விரலின்கீழ்த் துடித்தது தமக்குத் தெரியாதா என்று வாதாடினார். ஆனால் அம்பாரத்தருகே அத்தனை வருடங்கள் எதன் போக்கில் எண்ணினாரோ அதன் போக்கிலேயே இங்கும் எண்ணியிருந்தார். பெல்ட் வழுக்கும்போதெல்லாம் ஒரு டப் தாமதமாகும்; அதைத்தான் நாடி நழுவியதாக எடுத்துக்கொண்டார். பெல்ட்டின் ஓசையும் ஏறக்குறைய நாடியின் வேகத்திலேயே வந்ததால், மொத்தமாக வரும் எண்ணில் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆஸ்பத்திரியில் பெல்ட் இல்லை. அங்கே விரல் சொன்னதையே எண்ணினார். வீட்டில் காது முந்திக்கொண்டது.

“அத்தை, பெல்ட்டை மாட்டுறதுக்கு முன்னாடி இப்ப ஒருதரம் எண்ணிடுங்க” என்றேன்.

வாசலில் நின்ற பெண்கள் ஒருவரையொருவர் அதட்டி அமைதியானார்கள். அத்தை இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. முதலில் நாடி அகப்படவில்லை. மூன்று விரலையும் மாற்றி மாற்றி அழுத்திப் பார்த்தார். பிறகு முகம் தெளிந்தது. லாபம் என்றார். கூட எண்ண முயன்றவர்களையெல்லாம் கையால் அடக்கினார். நிமிடம் முடிந்ததாக நான் சொன்னபோது, “ஒண்ணே ஒண்ணுதான் நழுவிச்சி” என்றார். வாசலில் இருந்தவர்கள் ஏதோ பரீட்சை முடிவு வந்ததுபோல் ஆரவாரம் செய்தார்கள்.

அதன்பிறகுதான் விசாரணை. பெல்ட் தளர்ந்தது தெரிந்திருந்தும் ஏன் சொல்லவில்லை என்று அத்தை மாமாவைப் பிடித்துக்கொண்டார்.

“சொன்னா ஒங்க தம்பி எழுந்து கொட்டாய்க்கு வந்துடுவாருக்கா. பெல்ட்ட வெட்டிச் சேக்கறேன்னு ஒக்காந்துடுவாரு. அதான் வாயத் தொறக்கல.” பிறகு சற்றுத் தாழ்ந்த குரலில், “எனக்கும் வெட்டிச் சேக்கத் தெரியாது” என்றார்.

“பத்து டன் லாரி ஓட்டினவரு!” என்றார் அத்தை.

அப்பா மட்டும் சிரிப்படங்கி, “இத்தினி நாளாவா வழுக்குது, மச்சான்? என் காதுல விழலியேடா” என்றார். அம்மா அவர் கீழே வைத்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அந்தக் கஞ்சியில் அன்று ஒரு கல் உப்புப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்ததை நான் பார்த்தேன். மருத்துவர் குறைக்கச் சொன்னாரே ஒழிய விலக்கச் சொல்லவில்லை என்பது அம்மாவுக்கு அப்போது நினைவு வந்ததாம்.

மருத்துவர் நான் சொன்னதை முடிவுவரை கேட்டார். சந்தேகம் தீர அப்பாவைப் படுக்கவைத்து நீளமாகப் படம் எடுத்தார். மேசையில் அந்தக் காகித நாடாவை விரித்து முழம் போடுவதுபோல் பார்த்துவந்தார். எங்கோ ஓரிடத்தில் ஒரு துடிப்பு முந்தியிருந்தது. மற்றபடி கோடு ஒரே சீராக இருந்தது. அதன்பிறகுதான் அவர் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

“இவ்வளவு நாளா நான் உங்க பெல்ட்டுக்கு மாத்திரை கொடுத்திருக்கேன்” என்றார். மாத்திரையைப் பாதியாக்கினார், பிறகு மெல்ல நிறுத்தினார். காது தெளிய நாளாகும் என்றார். அவர் சொன்னதைவிடச் சீக்கிரமே தெளிந்தது. கொட்டகைக்குப் போகலாம், ஹேண்டிலைத் தொடக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தினமும் நாடி பார்ப்பதை விடக் கூடாது என்றார். அத்தையைப் பார்த்து, “இன்ஜினை நிறுத்திட்டு எண்ணுங்கம்மா” என்று சேர்த்துக்கொண்டார்.

அத்தை அதைச் சட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

அப்பா வேலைக்குப் போன முதல் நாள், வாசற்படியில் நின்று இன்ஜின் ஓசையைச் சற்று நேரம் கேட்டுவிட்டுத்தான் கொட்டகைக்குள் நுழைந்தார். இன்ஜினை நிறுத்திவிட்டு, மாமாவை உட்காரவைத்துப் பெல்ட்டை வெட்டச் சொல்லி, கிளிப்பை எங்கே கடிக்கவைக்க வேண்டும் என்று விரலால் காட்டினார். மாமா ஹேண்டில் போட்டார். பெல்ட் இறுகி ஓடியது. டப், டப் என்று தவறாத ஓசை மறுபடி எழுந்தது. கூடைக்காரப் பெண்கள் தம்மையறியாமல் அடியைச் சீராக்கிக்கொண்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அத்தை அம்பாரத்திலிருந்து எழுந்து வந்தார். முந்தானையில் கையைத் துடைத்தபடி, கொட்டகை வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

“இன்ஜின நிறுத்துப்பா! நாடி பாக்கணும்!”

முதலாளியின் கணக்குப்பிள்ளை, இதென்ன புது வழக்கம், பாத்தியில் தண்ணீர் ஏறவேண்டாமா என்று முணுமுணுத்தார். “ஒரு நிமிசத்துல ஒங்க பாத்தி காஞ்சிடாதுங்க” என்றார் அத்தை. மாமா நிறுத்தினார். ஓசை மெல்ல மெல்ல இடைவெளி விட்டு அடங்கியது. பெண்கள் கூடையோடு நின்ற இடத்திலேயே நின்றார்கள். வாய்க்காலில் தண்ணீர் சொட்டுவதும், தூரத்துப் பாத்தியில் ஓர் ஆள்காட்டிக் குருவி கூவுவதும் கேட்டன. அந்த ஒலிகள் அங்கே எப்போதும் இருந்திருக்க வேண்டும்.

இன்றும் விடுமுறைக்கு ஊருக்குப் போனால் காலையில் அந்த ஒரு நிமிடம் உண்டு. முதுகலை வகுப்பில் சேர்ந்த பிறகும் கடிகாரம் பிடிப்பது என் வேலைதான். நான் இல்லாத நாட்களில் அதை மாமா பார்த்துக்கொள்கிறார்.

அந்த முதல் நாள் அத்தை எண்ணி முடித்து, அப்பாவின் கையை விட்டார்.

“எத்தினி நழுவிச்சி?” என்றார் அப்பா.

“ஒண்ணுமே இல்லடா.”

அப்பா முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. திரும்பி மாமாவைப் பார்த்து, “போடு மச்சான், ஹேண்டில” என்றார்.